மனமகிழ்ச்சி: ஆய்வுகள் சொல்வதென்ன?



சென்ற இதழில் உயர் குருதி அமுக்கம் பற்றிப் பார்த்தோம். அதை அளக்கக் கருவி உண்டு, இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று ஓர் எண் உண்டு, கூடினால் குளிசை உண்டு. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு இவை ஒன்றுமே இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சந்தோஷம் பற்றிப் பேசுவது சமயப் பெரியவர்களின் வேலை, வைத்தியருக்கு அதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கவும் கூடும்.

அலுவல் இருக்கிறது. "உடம்பெல்லாம் நோ, நித்திரை இல்லை, சாப்பாட்டிலும் மனமில்லை" என்று எமது சிகிச்சை நிலையத்துக்கு வரும் எம்மவர் அனேகம். இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். தைரொயிட், இரும்புச்சத்து, விற்றமின் பி12, சீனி எல்லாம் பார்க்கிறோம். சிலரில் ஏதாவது குறை அகப்படும். பலரில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். அதைச் சொன்ன பிறகுதான், எழும்பிக் கதவடிக்குப் போய் நின்றுகொண்டு, உண்மையான கதையைத் தொடங்குவார்கள். ஒருமுறை ஓர் அம்மா அப்படித் திரும்பி நின்று கேட்டார்: "தம்பி, அங்க அவ்வளவு சனம் செத்துப்போச்சு. நான் இங்க இருந்து சிரிக்கலாமோ?"

அன்று அவருக்குச் சொல்ல எம்மிடம் சரியான பதில் இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றில் பயனுள்ளவை என்று எமக்குப் பட்டதையே இங்கே எழுதுகிறோம். அந்த அம்மாவின் கேள்விக்குக் கடைசியில் வருவோம்.

எப்படி அளக்கிறார்கள்?

0 முதல் 10 வரை படிகள் உள்ள ஓர் ஏணியை மனதில் நினையுங்கள். உச்சிப்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடிப்படி மிக மோசமானது. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹட்லி கன்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965இல் வெளியிட்ட முறை இது. 2012இலிருந்து வரும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் இந்த ஒரு கேள்வியின் விடைகளை வைத்தே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. நாம் வாழும் கனடா 2015 அறிக்கையில் 5ஆம் இடத்தில் நின்றது. 2025 அறிக்கையில் 18ஆம் இடம். பின்லாந்து 2018 முதல் 2025 வரை ஒவ்வொரு முறையும் முதலிடம். அங்கே பனியும் இருட்டும் எங்களைவிடக் குறைவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் குளிர்மேல் போட முடியாது.

இன்னொரு அளவும் உண்டு. ஏணியில் எந்தப் படி என்று கேட்காமல், இன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று கேட்பது. எவ்வளவு எரிச்சல், எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு கவலை. இரண்டும் ஒன்றல்ல. பிள்ளை பல்கலைக்கழகம் போய்விட்டது, வீடு வாங்கியாகிவிட்டது என்று ஏணியில் 8ஆம் படியில் நிற்பவரே, காலை எழும்பினால் இரவு படுக்கும்வரை எரிச்சலோடு திரியலாம். எம்மவர் பலரின் நிலை இதுதான் என்பது எமது அபிப்பிராயம்.

வீடும் வீதியும்

அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது? மனிதன் தனக்கு எது சந்தோஷம் தரும் என்று முன்கூட்டிக் கணிப்பதில் அவ்வளவு கெட்டிக்காரன் அல்லன் என்று உளவியலாளர்கள் பல பரிசோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். புதிதாகக் கிடைத்த எதற்கும் மனம் பழகிவிடுகிறது. இதை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட்டில் தொடங்கி, மார்க்கம், ஏஜக்ஸ், விற்பி என்று நகர்ந்துகொண்டே போகிறோம். ஊரில் வீட்டை விட்டுவிட்டு ஓடிவந்த சனத்துக்கு வீடென்பது வெறும் சுவரல்ல என்பது எமக்கும் தெரியும். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் புறூனோ பிறை, அலொயிஸ் ஸ்டுற்சர் என்ற இரு சுவிஸ் பொருளியலாளர்கள் ஜேர்மனியில் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து 2008இல் எழுதியதைக் கேளுங்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர் அதற்கு ஈடாகப் பெரிய வீட்டையோ கூடிய சம்பளத்தையோ பெறுகிறார், ஆகவே திருப்தியில் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது பொருளியலின் கணக்கு. தரவு வேறுவிதமாகச் சொன்னது. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்திருந்தது. புது வீட்டின் சமையலறைக்குச் சில மாதங்களில் பழகிவிடுகிறோம். 401 நெடுஞ்சாலையில் காரோடு காராக நிற்பதற்கு அப்படிப் பழக முடிவதில்லை.

காசில் சந்தோஷம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். அது பெரும்பாலும் காசுள்ளவர்கள் சொல்லும் கதை. ஒரு கட்டத்துக்கு மேல் வருமானம் கூடினாலும் அன்றாட மகிழ்ச்சி கூடாது என்று 2010இல் டானியல் கானமனும் அங்கஸ் டீற்றனும் எழுதியது உலகமெங்கும் பரவியது. 2023இல் அதே கானமன், எதிர்க்கருத்துக் கொண்டிருந்த மத்தியூ கிலிங்ஸ்வேர்த்தோடு சேர்ந்து தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது என்று திருத்தினார். மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் காசு உதவவில்லை.

கேள்வி, அந்தக் காசை என்ன செய்கிறோம் என்பதுதான். வன்கூவரில் வேலை செய்யும் 60 பேருக்கு ஒரு வார இறுதியில் 40 டொலர் கொடுத்து ஏதாவது பொருள் வாங்கச் சொன்னார்கள். இன்னொரு வார இறுதியில் அதே 40 டொலரை நேரத்தை மிச்சப்படுத்தும் ஏதாவதில் செலவிடச் சொன்னார்கள். நேரத்தை வாங்கிய அன்றுதான் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு இது. எம்மவர் ஆயிரக்கணக்கில் செலவழித்து மண்டபம் எடுப்பார்கள். ஆனால் பனி அள்ளுவதற்கு ஒருவருக்குக் காசு கொடுக்கச் சொன்னால் "கை கால் இல்லாதவனோ நான்" என்பார்கள். ஓவர்டைம் முடிந்து வந்து, நாரி நோவோடு பனி அள்ளிவிட்டு, அடுத்த நாள் எம்மிடம் வருவார்கள்.

மனிதர்கள்

எந்த ஆய்வை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருவது இது ஒன்றுதான். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 268 ஹாவாட் மாணவர்களையும் பொஸ்ரன் நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த 456 பையன்களையும் முதுமைவரை பின்தொடர்ந்தது. 50 வயதில் யார் தமது உறவுகளில் திருப்தியாக இருந்தார்களோ, அவர்களே 80 வயதில் கூடிய உடல்நலத்தோடு இருந்தார்கள். 50 வயதுக் கொலஸ்ரரோல் அளவைவிட இது நன்றாக முன்னறிவித்தது. எல்லோரும் ஆண்கள், எல்லோரும் வெள்ளையர்கள், ஆகவே இதை அப்படியே எங்கள் எல்லோருக்கும் பொருத்த முடியாது. கொலஸ்ரரோல் குளிசையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் நாம் ஒவ்வொரு வருடமும் கொலஸ்ரரோலைக் கேட்கிறோம். "வீட்டில் யாரோடு கதைப்பீர்கள்?" என்று கேட்பதில்லை. அண்மைக் காலமாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

நெருங்கிய உறவுகள் மட்டுமல்ல. சிக்காகோவில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா சுரோடரும் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போவோரில் ஒரு பகுதியினரைப் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரைத் தனியே இருக்கச் சொன்னார்கள். எது நல்ல பயணமாக இருக்கும் என்று வேறு சிலரிடம் கேட்டபோது, தனியே இருப்பதுதான் என்றார்கள். நடந்தது எதிர்மாறு. 2014இல் வெளியான இந்த முடிவு பின்னர் லண்டனிலும் பரிசோதிக்கப்பட்டு உறுதியானது. எம்மில் பலருக்கு ஆங்கிலம் தடை, பயம். அவர்களுக்கு நாம் சொல்வது, தமிழ்க் கடையில் தொடங்குங்கள். மரக்கறி நிறுக்கும் தங்கச்சியோடு இரண்டு வார்த்தை கதையுங்கள். காசு கொடுத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தபடி வெளியேறாதீர்கள்.

சேர்ந்து சாப்பிடுவது பற்றியும் சொல்லவேண்டும். 2025 உலக மகிழ்ச்சி அறிக்கை இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. மற்றவர்களோடு கூட அதிக வேளை சாப்பிடுவோர் தம் வாழ்க்கை பற்றிக் கூடிய திருப்தி தெரிவித்தார்கள். 2023இல் அமெரிக்கரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முதல் நாளின் எல்லா வேளையும் தனியே சாப்பிட்டதாகச் சொன்னார். சேர்ந்து சாப்பிடுவதால் சந்தோஷமா, சந்தோஷமானவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்பதை இந்தத் தரவால் மட்டும் தீர்மானிக்க முடியாது. இருந்தும் எங்கள் வீடுகளைப் பாருங்கள். அப்பா இரவு வேலை, அம்மா பகல் வேலை. சோறு கறி அடுப்பிலோ குளிர்பெட்டியிலோ இருக்கும். பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடும். பேஸ்மென்ட்டில் அம்மம்மா தொலைக்காட்சியோடு சாப்பிடுவார். நாலு பேருக்குச் சமைத்து நாலு பேரும் தனித்தனியே சாப்பிடும் வீடு. சனிக்கிழமை பிறந்தநாள் விழாவில் முந்நூறு பேரோடு சாப்பிடுகிறோமே என்பீர்கள். அந்தப் பாட்டுச் சத்தத்தில் பக்கத்துக் கதிரைக்காரரின் பெயரைக்கூடக் கேட்க முடியாது. நாம் கேட்பது, வாரத்தில் இரண்டு வேளை, வீட்டிலுள்ள எல்லோரும், தொலைபேசி இல்லாமல். இரவில் முடியாவிட்டால் ஞாயிறு காலைப் புட்டும் சம்பலும் போதும்.

கொடுப்பது

வன்கூவரில் இன்னொரு பரிசோதனை. எலிசபெத் டன்னும் கூட்டாளிகளும் 46 பேருக்கு ஒரு காலையில் 5 அல்லது 20 டொலர் உள்ள உறையைக் கொடுத்து, பின்னேரம் 5 மணிக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். சிலர் தமக்கு, சிலர் பிறருக்கு. பின்னேரம் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்களே கூடிய சந்தோஷமாக இருந்தார்கள். 5 டொலரா 20 டொலரா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. 2008இல் வந்த இந்த ஆய்வு சிறியது என்பதால், 2020இல் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தார்கள். பலன் சிறிதானாலும் அதே திசையிலேயே இருந்தது.

இதைப் படித்து எம்மவர் சிரிப்பார்கள். "டொக்டர், நாங்கள் முப்பது வருடமாகக் காசு அனுப்புகிறோம். அப்படியென்றால் நாங்கள்தான் உலகத்திலேயே சந்தோஷமான சனமாக இருக்கவேண்டும்." நியாயமான கேள்வி. 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில் இதற்கு விடை கிடைக்கிறது. சிலர் யுனிசெப்புக்குக் காசு கொடுத்தார்கள். சிலர், பத்து டொலருக்கு ஒரு பிள்ளைக்கு நுளம்புவலை என்று குறிப்பாகச் சொல்லும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது தரப்பில், கூடக் கொடுத்தோர் கூடிய மகிழ்ச்சி சொன்னார்கள். முதல் தரப்பில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. யுனிசெப்பின் வேலை பெரியது, பரந்தது. கொடுத்தவரின் கண்ணுக்குத் தன் காசு என்ன செய்தது என்று தெரிவதில்லை. அதோடு, தானாக விரும்பிச் செய்த உதவி மனதுக்கு இதம் தருகிறது, நெருக்குதலில் செய்தது தருவதில்லை என்பதையும் 2010இல் வைன்ஸ்டீன், ரயன் என்ற இருவர் காட்டினார்கள்.

காசு அனுப்பும் எங்கள் பழக்கத்தில் இவ்விரண்டும் எங்கே இருக்கின்றன? அனுப்புகிறோம், கிடைத்ததா என்று கேட்கிறோம், அடுத்த தேவையைக் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைக்கிறோம். ஊரிலிருப்போருக்கும் கூச்சம், இங்கிருப்போருக்கும் சலிப்பு. ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். மருமகளின் படிப்புக்கு என்று அனுப்பினால், அந்த மருமகளோடு ஐந்து நிமிடம் கதையுங்கள். என்ன படிக்கிறாள், எந்த ரீச்சரைப் பிடிக்காது என்று கேளுங்கள். அனுப்ப முடியாத மாதத்தில் முடியாது என்று சொல்லவும் பழகுங்கள். கடன் வாங்கி அனுப்பிவிட்டு இரவிரவாக முழித்திருக்கும் பலரை நாம் அறிவோம்.

நன்றி சொல்வது

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் செலிக்மனும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினர் ஒரு வாரம் தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்ல விடயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதினார்கள். இன்னொரு பகுதியினர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சிறுவயது நினைவுகளை எழுதினார்கள். முதல் பகுதியினரின் மகிழ்ச்சி ஆறு மாதத்துக்குப் பிறகும் கூடியிருந்தது. வாரம் முடிந்த பின்னும் தாமாகவே தொடர்ந்து எழுதியவர்களில் அது நன்றாக நிலைத்தது. நாமும் எழுதிப் பார்த்தோம். இரண்டாம் வாரத்தில் "தேநீர் நன்றாயிருந்தது" என்று ஒரே வரியைத் திரும்ப எழுதுவதைக் கண்டு நிறுத்திவிட்டோம். இப்போது வாரத்துக்கு ஒருமுறை எழுதுகிறோம். அது ஒத்துவருகிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. ஒருபோதும் முறையாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அவரிடமே போய் வாசித்துக் காட்டுவது. உடனடிப் பலன் இதற்கே மிகக் கூடுதலாக இருந்தது. எங்களுக்கு இது கடினம். வீட்டுக்குள் நன்றி சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. திடீரென்று அம்மாவுக்கு நன்றி சொன்னால் "என்ன மோனை, உனக்கு என்ன வருத்தம், உண்மையைச் சொல்லு" என்பார். ஆனால் நன்றிக் கடிதம் எழுதுவோர், பெறுபவருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூட்டியும், எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதைக் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் அமித் குமாரும் எப்லியும் காட்டியிருக்கிறார்கள். வாசிக்கக் கூச்சமென்றால் அனுப்பிவிடுங்கள். படிப்பித்த ஆசிரியருக்கு, வந்த புதிதில் தன் அறையில் படுக்க இடம் தந்தவருக்கு.

எல்லா ஆலோசனையும் ஒரே பலம் உள்ளதல்ல

பேனாவைப் பல்லில் கடித்து முகத்தைச் சிரிப்பதுபோல் வைத்தால் மனமும் மகிழும் என்ற 1988ஆம் ஆண்டு ஆய்வு வெகு பிரபலம். 2016இல் 17 ஆய்வுகூடங்கள் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2023இல் டனிகன் போக்கும் எலிசபெத் டன்னும், ஊடகங்கள் அதிகம் பரிந்துரைக்கும் ஐந்து வழிகளைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். நன்றியறிதலுக்கும் மனிதரோடு பழகுவதற்கும் ஓரளவு நல்ல சான்று இருந்தது. தியானம், உடற்பயிற்சி, இயற்கைச் சூழலில் உலாவுதல் ஆகியவற்றுக்கு, சுகதேகிகளைப் பொறுத்தவரை, ஒழுங்காகத் திட்டமிட்ட பெரிய பரிசோதனைகள் மிகக் குறைவு. பயனில்லை என்பதல்ல இதன் பொருள். இன்னும் சரியாக நிறுவப்படவில்லை, அவ்வளவுதான்.

மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் நிலைமை வேறு. 1999இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்ட 156 நோயாளர்களில் சிலர் வாரம் மூன்று முறை உடற்பயிற்சி செய்தார்கள், சிலர் மருந்து எடுத்தார்கள், சிலர் இரண்டும். 16 வாரத்தின் முடிவில் மூன்று பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். மருந்து விரைவாக வேலை தொடங்கியது. இதைப் படித்துவிட்டு யாரும் குளிசையைத் தாமாக நிறுத்தவேண்டாம். நடையை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் அங்காடி வளாகத்துக்குள் நடந்தாலும் நடைதான்.

அந்த அம்மாவின் கேள்வி

1997இல் டக்கர் கெல்ற்னர், ஜோர்ஜ் பொனானோ என்ற இருவர், ஆறு மாதங்களுக்கு முன் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களோடு உரையாடி, அதைப் படம்பிடித்து, முகங்களை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். இறந்தவரைப் பற்றிக் கதைக்கும்போதே சிலர் கண்ணோரம் சுருங்க உண்மையாகச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களிடம் துயரமும் கோபமும் குறைவாக இருந்தன. மற்றவர்களோடு அவர்களுடைய உறவும் நன்றாயிருந்தது. இறந்தவரை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள்.

இது எங்களுக்குப் புதிதல்ல. எட்டுச்செலவு வீட்டில், சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்தபடி, "மனுசன் ஒருக்கா மாட்டைத் தேடிப் போய்த் தானே துலைஞ்சவர்" என்று யாராவது தொடங்க, அழுது சிவந்த கண்ணோடு எல்லோரும் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்றும், ஆறுதலும் சடங்குகள், கூடிவாழ்தல் வழியாகத்தான் வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். 2009இல் எங்களில் பலருக்குச் செத்தவீடும் இல்லை, எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. சேர்ந்து அழவும் இடமில்லை, சேர்ந்து சிரிக்கவும் இடமில்லை.

அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது, இந்த ஆய்வைச் சொல்லாமல், இறந்துபோன அவருடைய தங்கை எப்படிப்பட்டவர் என்று மட்டும் கேட்டோம். அன்று அவர் இருபது நிமிடம் கதைத்தார். எமக்கு மற்ற நோயாளர்கள் காத்திருந்தார்கள், ஆனாலும் கேட்டோம். இரண்டு தரம் சிரித்தார். நாரி நோ இன்னும் இருக்கிறது, அதற்கு வேறு வைத்தியம் நடக்கிறது.

எப்போது வைத்தியரிடம் வரவேண்டும்?

மேலே சொன்னவை நோய்க்கு மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்து, அதோடு நித்திரை, பசி, உடல்வலு ஆகியவற்றிலும் மாற்றம் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வைத்தியரிடம் நோவை மட்டும் சொல்லிவிட்டு வராமல் இதையும் சொல்லுங்கள். கதவடியில் நின்று அல்ல, உட்கார்ந்த உடனேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல முடியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முற்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். அம்மா சாக நினைக்கிறார் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லக்கூடாது.

உயிரை மாய்க்கும் எண்ணம் உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ வந்தால், கனடாவில் எங்கிருந்தும் 988 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2023 நவம்பரில் தொடங்கிய சேவை இது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைப்பார்கள். உடனடி ஆபத்தென்றால் 911.